உணவு ஆலையில் வேலைக்குச் சேரப்போகிறீர்களா? சேரும் முன்பும் சேர்ந்த பிறகும் தெரிய வேண்டியவை

உணவோ பானமோ தயாரிக்கும் ஆலை என்றதும் பலருக்கு மனதில் வருவது பெரிய அளவில் நடக்கும் சமையல். உள்ளே போய்ப் பார்த்தால் சமையல் என்று சொல்லக்கூடிய பகுதி மூடிய டேங்குக்குள்ளும் குழாய்க்குள்ளும் நடந்து முடிந்துவிடும், அதை யாரும் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. மனிதர்கள் செய்வது கழுவுவது, காத்திருப்பது, கவனிப்பது, எழுதுவது, அப்புறம் ஏதோ சரியில்லை என்று பட்டால் வாயைத் திறந்து சொல்வது. என்னைக் கேட்டால் இந்தக் கடைசி வேலைக்காகத்தான் ஆலைக்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறது. ஆனால் சேர்ந்த அன்று யாரும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். முடியை மூடும் தலைவலை ஒன்றைக் கையில் கொடுத்து லைனில் நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பக்கமாக நுழைவது

பெரும்பாலானவர்களுக்கு முதல் கதவு பேக்கிங். படிப்பு அதிகம் கேட்க மாட்டார்கள், ஆள் தேவை எப்போதும் இருக்கும், ஒரே நாளில் வேலை பிடிபட்டுவிடும். சிக்கலும் அதுதான், ஒரே நாளில் பிடிபடும் வேலை ஒரே மாதத்தில் அலுத்துவிடும், தோள்பட்டையும் மணிக்கட்டும் வலிக்க ஆரம்பிக்கும். பேக்கிங்கில் நுழைவதில் தப்பில்லை, அங்கேயே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலப்பொருள் வந்து இறங்கும் இடம், அளந்து கலக்கும் பேட்சிங், சூடாக்குவது குளிர்விப்பது எல்லாம் நடக்கும் ப்ராசஸ், பாட்டிலிலோ பையிலோ நிரப்பும் ஃபில்லிங், ஸ்டோர், லேப், மெயின்டெனன்ஸ், பாயிலரும் குளிரூட்டலும் உள்ள யூட்டிலிட்டி. இவற்றில் எலக்ட்ரிகல், மெக்கானிகல் கை உள்ளவர்களுக்கு மெயின்டெனன்ஸ்தான் நல்லது, மெஷின் நின்றால் எல்லோரும் தேடுவது அவர்களைத்தான், வேறு ஆலைக்கு மாறுவதும் அவர்களுக்கு எளிது.

யாரும் விரும்பிக் கேட்காத பிரிவு ஒன்று உண்டு, சானிடேஷன், அதாவது ராத்திரி ஷிப்டில் ஆலையைக் கழுவும் குழு. ஈரம், ரசாயன நெடி, தூக்கம் கெட்ட கண். ஆனாலும் சில மாதமாவது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரிகிற விஷயம் மற்றவர்களுக்குத் தெரியாது. பகலில் பளபளவென்று ஓடும் மெஷினைப் பிரித்துப் போட்டு, எந்த கேஸ்கெட்டுக்குப் பின்னால் பிசுக்கு சேர்கிறது, எந்தக் குழாய் வளைவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்தவர் அவர். பின்னாளில் அவர் தரம் பார்க்கும் க்யூசிக்கோ ப்ராசஸுக்கோ போனால் அந்த அறிவு கூடவே போகும். வாய்ப்பு கிடைத்தால் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், இரவு வேலைக்கு உடம்பு ஒத்துழைக்கும் என்றால் மட்டும்.

நேர்காணலில் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். நான் நிற்கப்போகும் பிரிவில் வெப்பநிலை என்ன என்று கேளுங்கள், ஏனென்றால் இறைச்சி வெட்டும் கூடத்தில் நாள் முழுக்கக் குளிரில் நிற்க வேண்டும், பேக்கரி அடுப்புப் பக்கமோ வியர்வை ஊற்றும். ஷிப்ட் எப்படிச் சுழலும், ஓவர்டைம் கட்டாயமா விருப்பமா, நான் கம்பெனி ஆளா ஒப்பந்ததாரர் ஆளா, ஷூவும் காது அடைப்பானும் யார் தருவார்கள், அப்புறம் ரொம்ப முக்கியமாக, வயிற்றுப்போக்கு வந்து லீவு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அந்த ஆலை எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும். வயிறு சரியில்லாதவர் சம்பளம் போகுமே என்று பயந்து வேலைக்கு வருகிற இடத்தில் சுவரில் எத்தனை சுகாதார போஸ்டர் ஒட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

உடை மாற்றும் அறையில் ஒரு வரிசை இருக்கிறது

தலைவலை முதலில், கோட் பிறகு. ஏன் இந்த வரிசை என்றால், கோட்டைப் போட்டுவிட்டுத் தலைவலை மாட்டினால் உதிரும் முடி கோட்டின் தோளில் ஒட்டிக்கொண்டு உங்களோடு உள்ளே வரும். பிறகு ஆலைக்குள் மட்டும் போடும் ஷூ, கடைசியில் கை கழுவுதல். காதும் முன்நெற்றி முடியும் வலைக்குள் இருக்க வேண்டும், தாடி இருந்தால் அதற்குத் தனி வலை. கோட்டில் இடுப்புக்கு மேல் பாக்கெட் இருக்காது, பட்டனும் பெரும்பாலும் இருக்காது. பேனா குனியும்போது விழும், பட்டன் அறுந்து விழும், இரண்டும் கலவைத் தொட்டியைத் தேடித்தான் போகும். மோதிரம், வாட்ச், வளையல், நகப்பூச்சு, ஒட்டு இமை எல்லாம் லாக்கரில். வெட்டுக்காயம் இருந்தால் நீல நிற பிளாஸ்டர் தருவார்கள், நீல நிறத்தில் உணவு அபூர்வம் என்பதால் விழுந்தால் கண்ணில் படும், பல ஆலைகளில் அதற்குள் மெல்லிய உலோகத் தகடும் இருக்கும், மெட்டல் டிடெக்டர் பிடிப்பதற்காக. சீழ் வைத்த காயம் என்றால் பிளாஸ்டரோடு நின்றுவிடாமல் சூப்பர்வைசரிடம் காட்டுங்கள்.

கையுறை பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கையுறை போட்டதும் கை சுத்தமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு அதே கையால் மூக்கைத் தேய்ப்பது, செல்போனைத் தொடுவது, தரையில் கிடக்கும் அட்டையை எடுப்பது, பிறகு நேராக லைனுக்குத் திரும்புவது, இதை எந்த ஆலையிலும் பார்க்கலாம். வெறும் கையாக இருந்தால் பிசுபிசுப்பு தெரியும், கழுவத் தோன்றும். கையுறைக்குள் எதுவும் தெரியாது. எதைத் தொட்டாலும் மாற்றுங்கள், புதியதைப் போடுவதற்கு முன் கையைக் கழுவுங்கள், சோப்புப் போட்டு இருபது விநாடியாவது.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் சொல்லியே ஆக வேண்டும். பல இடங்களில் உள்ள விதி, எல்லாம் நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவுப் பகுதிக்குள் வரக்கூடாது என்பது. உடம்பு சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் நோரோ வைரஸ் அதற்குப் பிறகும் வெளியேறிக்கொண்டிருக்கும்.

ஏன் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்

ஹாசாப் (HACCP) என்ற சொல்லை முதல் வாரத்திலேயே கேட்பீர்கள், உணவில் ஆபத்து நுழையாமல் தடுக்கும் முறைக்கு அதுதான் பெயர். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். 1960களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு செய்ய பில்ஸ்பரி நிறுவனம், நாசா, அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து வேலை செய்தபோது ஒரு சிக்கல் வந்தது. விண்கலத்தில் யாருக்கும் வயிறு கெடக்கூடாது, ஆனால் செய்து முடித்த உணவைச் சோதித்துத்தான் உறுதி செய்வது என்றால் செய்ததில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும். அதனால் தலைகீழாக யோசித்தார்கள். கடைசியில் சோதிப்பதை நம்பாமல், செய்முறையின் எந்தக் கட்டத்தில் ஆபத்து நுழையும், எந்தக் கட்டத்தில் அதை நிறுத்த முடியும் என்று கண்டுபிடித்து அங்கே காவல் வைப்பது. அப்படிக் காவல் வைத்த இடத்துக்குத்தான் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி, ஆலை மொழியில் சிசிபி, என்று பெயர். உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 1993ல் இதை ஏற்றுக்கொண்டது, இன்று பெரிய ஆலை எதுவும் இது இல்லாமல் ஓடுவதில்லை.

உங்கள் ஆலையில் சிசிபி எத்தனை, எங்கே, எல்லை என்ன, எல்லையைத் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும், இந்த நான்கையும் முதல் மாதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்குப் பால் பாஸ்சுரைசேஷன். 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி என்பது பரவலாக உள்ள கணக்கு. பால் சூடாகி, ஹோல்டிங் டியூப் என்கிற நீளமான குழாய்க்குள் ஓடி முடிக்க அந்த 15 விநாடி ஆகும். குழாயின் கடைசியில் ஒரு வெப்பமானி, அதை ஒட்டி ஒரு வால்வு. வெப்பம் எல்லைக்குக் கீழே இறங்கியதும் வால்வு டக்கென்று திரும்பி, பாலை முன்னே போகவிடாமல் ஆரம்பத் தொட்டிக்கே அனுப்பிவிடும். அந்த வால்வு ஷிப்டில் அடிக்கடி திரும்பினால் உற்பத்தி குறையும், சூப்பர்வைசர் கடுப்பாவார், யாராவது ஒருவர் அதை மேனுவலில் போடலாமா என்று கேட்பார். ஏன் கூடாது என்று தெரிந்தவர்தான் அந்த நேரத்தில் உறுதியாக நிற்க முடியும். ரூல் என்பதற்காக மட்டும் நின்றவர் இரண்டாவது அதட்டலில் நகர்ந்துவிடுவார்.

சூடாக்கிவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு 2000ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் ஹொக்கைடோ ஆலை ஒன்றில் மின்சாரம் போய் சில மணி நேரம் பால் குளிரூட்டப்படாமல் நின்றது. அந்த நேரத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கிவிட்டது. பிறகு சூடாக்கியதில் பாக்டீரியா செத்தது, நச்சு சாகவில்லை, அந்தப் பாலில் செய்த பவுடர் ஒசாகா ஆலைக்குப் போய்ப் பானங்களில் கலந்து பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நோயாளிகளாக்கியது. மின்தடை எத்தனை நிமிடம், அந்த நேரத்தில் டேங்கில் என்ன இருந்தது, வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று நீங்கள் நிரப்பும் பதிவு ஷீட்டில் ஒரு கட்டம் இருந்தால், அது ஏன் என்று இப்போது தெரியும்.

டின்னிலும் ஜாடியிலும் அடைக்கும் ஆலைகளில் கேட்க வேண்டிய எண்கள் வேறு. அமிலம் குறைந்த உணவு, அதாவது பிஎச் 4.6க்கு மேல் என்றால், காற்றில்லாத டின்னுக்குள் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் ஸ்போர், அதாவது உறங்கிக் கிடக்கும் வித்து, முளைக்கலாம், அதைக் கொல்ல உணவின் நடுப்பகுதிக்கு 121 டிகிரியில் 3 நிமிடமாவது கிடைத்ததற்குச் சமமான சூடு சேர வேண்டும். ஊறுகாய், ஜாம் போன்றவை அந்த எல்லைக்குக் கீழே இருப்பதால் கொதிநிலைச் சூடே போதும்.

ஷீட் நிரப்புவது எப்படி

ஆலையில் நிறையப் பேர் வெறுக்கும் வேலை, எனக்கு மட்டும் மிகப் பெரிய வேலையாகத் தெரிவது. விதி ஒன்றுதான், பார்த்ததைப் பார்த்த நேரத்தில் எழுதுங்கள். ஷிப்ட் முடிவில் உட்கார்ந்து எட்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் நிரப்பினால் பதிவுகளைச் சரிபார்க்க வரும் ஆடிட்டருக்கு அது பத்து அடி தூரத்திலிருந்தே தெரியும். ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லாக் கட்டத்திலும் 4.0, 4.0, 4.0. நிஜமான குளிர்பதன அறை அப்படி இருக்காது, கதவு திறந்த நேரத்தில் 5.6 என்று இருக்கும், அப்புறம் இறங்கும். ஆடிட்டர்கள் ஏறி இறங்காத எண்களைத்தான் சந்தேகிப்பார்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் நேரமும் போடுங்கள். வெள்ளை மை தடவுவது, எண் மேலேயே எண் எழுதுவது இரண்டும் வேண்டாம்.

மெட்டல் டிடெக்டர் சோதனையை எடுத்துக்கொள்வோம், புதியவர்களிடம் சீக்கிரமே வந்து சேரும் சோதனை இதுதான். மூன்று சோதனைத் துண்டுகள் தருவார்கள்: இரும்பு ஒன்று, பித்தளை போன்ற இரும்பல்லாத உலோகம் ஒன்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒன்று. ஒவ்வொன்றையும் உண்மையான பாக்கெட்டோடு சேர்த்துப் பெல்ட்டில் விட வேண்டும், வெறும் துண்டை விட்டுப் பார்ப்பது சோதனையே ஆகாது. ஏனென்றால் ஈரமும் உப்பும் உள்ள உணவு தானே ஒரு சிக்னல் தரும், அந்த இரைச்சலுக்கு நடுவே மெஷின் உலோகத்தைப் பிரித்துப் பார்க்கிறதா என்பதுதான் கேள்வி. மணி அடித்தால் மட்டும் போதாது, பாக்கெட் தள்ளப்பட்டுப் பூட்டிய ரிஜெக்ட் பெட்டிக்குள் விழுந்ததா என்று குனிந்து பாருங்கள். சில சமயம் மணி அடிக்கும், தள்ளும் கை ஒரு நொடி தாமதமாக வந்து அடுத்த பாக்கெட்டைத் தள்ளிவிடும், சோதனைத் துண்டு இருந்த பாக்கெட் ஹாயாக விற்பனைக் கார்ட்டனுக்குப் போய்க்கொண்டிருக்கும். மூன்றில் கண்டுபிடிக்கக் கடினமானது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஆலை முழுக்க இருக்கும் உலோகமும் அதுதான், அதனால் அந்தத் துண்டில் அவசரப்படாதீர்கள்.

சோதனை தோற்றால் என்ன? லைனை நிறுத்தி, கடைசியாகச் சரியாக இருந்த சோதனை முதல் இப்போது வரை ஓடிய மொத்தத்தையும் ஹோல்டு செய்ய வேண்டும், அதாவது வெளியே அனுப்பாமல் நிறுத்தி வைக்க வேண்டும். பத்து மணிக்குச் சரி, பதினொரு மணிக்குத் தோல்வி என்றால் ஒரு மணி நேரச் சரக்கு ஓரமாகப் போகும், பிறகு சரியாக ஓடும் டிடெக்டர் வழியே திரும்ப அனுப்பப்படும். பத்து மணிச் சோதனையைச் செய்யாமலேயே டிக் போட்டிருந்தால் எதுவரை பின்னால் போவது என்று யாருக்கும் தெரியாது. ஒப்புக்குப் போட்ட ஒரு டிக் மொத்த ஷிப்டின் சரக்கையும் சந்தேகத்தில் தள்ளிவிடும்.

அலர்ஜியும் லேபிளும்

பால், முட்டை, மீன், ஓட்டுடலி வகைகள், நிலக்கடலை, மரக்கொட்டைகள், எள், கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், இவை உலகம் முழுக்கப் பரவலாகக் கவனிக்கப்படும் அலர்ஜிப் பொருள்கள், நாட்டுக்கு நாடு பட்டியல் கொஞ்சம் நீளும். கிருமி பற்றிய பாடம் இங்கே உதவாது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சானிடைசர் அடித்தால் கிருமி சாகும், நிலக்கடலைப் புரதம் அங்கேயே இருக்கும். சூடாக்கினாலும் பெரும்பாலும் அப்படித்தான். தேய்த்துக் கழுவி அகற்றுவதுதான் வழி, அதனால்தான் நாளின் உற்பத்தி வரிசையை அலர்ஜிப் பொருள் இல்லாததில் தொடங்கி, இருப்பதில் முடியுமாறு போடுவார்கள்.

நிஜத்தில் பெரும்பாலான தவறு கழுவுவதில் நடப்பதில்லை, லேபிள் ரோலில் நடக்கிறது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாக்கெட், ஒன்றில் பால் உண்டு, மற்றதில் இல்லை, சேஞ்ச்ஓவரின்போது பழைய ரோலில் மிச்சம் இருந்த கொஞ்சத்தை வீணாக்காமல் ஓட்டிவிடலாமே என்று யாரோ நினைக்கிறார்கள். சந்தையிலிருந்து உணவு திரும்பப் பெறப்படுவதற்குப் பல நாடுகளில் முன்னணிக் காரணங்களில் ஒன்று இதுதான், லேபிளில் சொல்லாத அலர்ஜிப் பொருள். பொருள் மாறும்போது பழைய லேபிள், பழைய ஃபிலிம், பழைய கார்ட்டன் எல்லாவற்றையும் லைனை விட்டு அகற்றி ஸ்டோருக்கே அனுப்புங்கள், பக்கத்து மேஜையில் வைக்காதீர்கள். புதிய ரோலிலிருந்து ஒன்றைக் கிழித்து ஷீட்டிலேயே ஒட்டுங்கள். ரீவொர்க், அதாவது உடைந்ததையோ மிஞ்சியதையோ திரும்பக் கலப்பது, அதிலும் இதே கவனம் வேண்டும், அந்தப் பக்கெட்டில் பெயரும் தேதியும் இல்லை என்றால் தொடவே வேண்டாம்.

கழுவுவது என்றால்

சுத்தம் செய்வதில் நான்கு விஷயம் சேர்கிறது: நேரம், சூடு, ரசாயனம், உரசல். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்ட வேண்டும். மெஷினைப் பிரிக்காமல் மூடிய குழாய்களுக்குள்ளேயே ஓட்டிக் கழுவும் சிஐபி முறையில் முதலில் தண்ணீர், பிறகு சுடச்சுட காஸ்டிக் சோடா கரைசல், மறுபடி தண்ணீர், தேவைப்பட்டால் ஆசிட், கடைசித் தண்ணீர், அப்புறம் சானிடைசர். கொழுப்பையும் புரதத்தையும் காஸ்டிக் கரைக்கும், பால் ஆலைகளில் படியும் கல் போன்ற உப்புப் படிவை ஆசிட் கரைக்கும். குழாய்க்குள் ஓட்டம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் அளவில் இருக்க வேண்டும், பம்ப் தளர்ந்து ஓட்டம் குறைந்தால் ரசாயனம் எவ்வளவு போட்டாலும் குழாய்ச் சுவரில் பிசுக்கு தங்கிவிடும்.

வெளியே கையால் கழுவும்போது வரிசை முக்கியம். காய்ந்த கழிவை முதலில் கூட்டி அள்ளுங்கள், பிறகு தண்ணீர், நுரை, தேய்ப்பு, தண்ணீர், டார்ச் அடித்துப் பார்வை, அதற்கப்புறம்தான் சானிடைசர். அழுக்கின் மேல் அடித்த சானிடைசர் காசுக்கும் கேடு, வேலைக்கும் கேடு. தரை வடிகால் வாயில் ஹை பிரஷர் ஹோஸை நேராகப் பிடிக்காதீர்கள். லிஸ்டீரியா என்ற கிருமிக்குக் குளிரும் ஈரமும் பிடிக்கும், ஃப்ரிட்ஜ் வெப்பநிலையிலேயே வளரும், வடிகால் அதன் வீடு. அங்கே பீச்சினால் கண்ணுக்குத் தெரியாத சாரலாக எழும்பி, இப்போதுதான் கழுவி முடித்த மெஷின் மேல் போய் உட்காரும். மாவு, பவுடர் ஓடும் உலர் ஆலைகளில் விஷயம் தலைகீழ், அங்கே தண்ணீரே எதிரி. உலர்ந்த தூசியில் சால்மொனெல்லா மாதக்கணக்கில் சும்மா கிடக்கும், ஈரம் பட்டால் பெருகும், அதனால் பிரஷ், வேக்யூம் கிளீனர், துடைப்பு என்று முடித்துக்கொள்வார்கள்.

குளோரின் உள்ள ரசாயனத்தோடு ஆசிட் எந்த நிலையிலும் சேரக்கூடாது, குளோரின் வாயு வரும். கேனை மாற்றி ஊற்றினால் போச்சு. பெயர் எழுதாத பாட்டிலை எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

உங்கள் உடம்பு

சாப்பிடுகிறவரின் பாதுகாப்புக்கு ஒரு கட்டுக் காகிதம் இருக்கும், செய்கிறவரின் பாதுகாப்புக்குச் சில இடங்களில் ஒரு போஸ்டர்தான் இருக்கும். அதனால் இதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெஷினுக்குள் கையை விடுவதற்கு முன் அது நின்றிருந்தால் போதாது, பூட்டப்பட்டிருக்க வேண்டும். லாக்அவுட் என்பார்கள். மின்சாரத்தைத் துண்டித்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்து, பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து ஓடவில்லை என்று உறுதி செய்துவிட்டுக் கையை விடுவது. காற்றழுத்தத்தில் ஓடும் பகுதிகளில் மின்சாரம் போன பிறகும் அழுத்தம் தேங்கி நிற்கும், அதையும் வெளியேற்ற வேண்டும். சிக்கிக்கொண்ட ஒரே ஒரு பாக்கெட்டை எடுக்க இவ்வளவா என்று தோன்றும். விரல் போனவர்களில் பலர் அந்த ஒரே ஒரு பாக்கெட்டை எடுக்கப் போனவர்கள்தான்.

நொதிக்க வைக்கும் டேங்க், கார்பனேட் செய்யும் பகுதி உள்ள ஆலைகளில் கரியமில வாயு பற்றித் தெரியாமல் ஒரு நாள்கூட வேலை பார்க்காதீர்கள். காற்றைவிடக் கனமானது, டேங்கின் அடியிலும் பள்ளத்திலும் தேங்கும், நிறமில்லை, பத்து சதவீதத்தைத் தாண்டினால் சில நிமிடங்களுக்குள் நினைவு போய்விடும். உள்ளே ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்ததும் இன்னொருவர் காப்பாற்றக் குதிப்பார், அவரும் விழுவார். இப்படி இரண்டு, மூன்று பேர் சேர்ந்து போன விபத்துகள் இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. யாராவது விழுந்தால் இறங்காதீர்கள், அலாரம் அடியுங்கள், மூச்சுக் கருவி போட்ட ஆள் வரட்டும். மனசு கேட்காது, ஆனாலும் இறங்காதீர்கள்.

சர்க்கரை, மாவு, பால் பவுடர் தூசி வெடிக்கும் என்றால் புதியவர்கள் சிரிப்பார்கள். 2008ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சுகர் ஆலையில் சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். உத்தரத்திலும் குழாய் மேலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் படிந்த தூசியே போதும், முதல் சின்ன வெடிப்பு அதை உலுக்கிக் காற்றில் கிளப்பும், பெரிய வெடிப்பு அதற்குப் பிறகு வரும். ஏர் ஹோஸால் தூசியை ஊதித் தள்ளாதீர்கள், வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். மாவுத் தூசி நுரையீரலுக்கும் ஆகாது, பேக்கரி ஆட்களுக்கு வரும் ஆஸ்துமா பழங்காலத்திலிருந்தே தெரிந்த நோய், வேலை நாளில் மூச்சிரைத்து விடுமுறையில் சரியாகிறது என்றால் மருத்துவரிடம் வேலையைப் பற்றியும் சொல்லுங்கள்.

அப்புறம் கதவு. 1991ல் வட கரோலினாவின் ஹாம்லெட் நகரில் கோழி இறைச்சி ஆலை ஒன்றில் தீப்பிடித்து 25 பேர் இறந்தார்கள், வெளியேறும் கதவுகள் பூட்டியிருந்தன. உங்கள் இடத்திலிருந்து மிக அருகில் உள்ள இரண்டு கதவுகளை முதல் நாளே நடந்து போய்த் தள்ளிப் பாருங்கள். முன்னால் பேலட், அதாவது சரக்கு ஏற்றும் பலகை, அடுக்கியிருந்தால் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும்.

பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்கக் கத்த வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபெலை எட்டியிருக்கலாம், காது அடைப்பானைக் கழற்றாதீர்கள், போன காது திரும்பாது.

"விட்டுவிடு, ஓடட்டும்"

இந்த வாக்கியத்தை எல்லோரும் ஒருநாள் கேட்பார்கள். லாரி வாசலில் நிற்கும், டார்கெட் பாக்கி இருக்கும், நீங்கள் எதையோ பார்த்துவிட்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் வாதம் செய்யாதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். "எனக்கென்னவோ சரியாகப் படவில்லை" என்றால் தள்ளிவிடுவார்கள். "பத்து நாற்பதுக்கு மூன்றாவது நாசில் பக்கத்தில் கண்ணாடித் துண்டு கிடந்தது, இதோ இங்கே இருக்கிறது, அதற்குப் பிறகு ஓடிய பேலட் இரண்டு, எந்தெந்த நம்பர் என்று எழுதி வைத்திருக்கிறேன்" என்றால் தள்ளுவது கஷ்டம். அப்போதும் ஓட்டச் சொன்னால், ஓட்டச் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் ஷீட்டின் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள், அவர் கண்ணெதிரே. பலர் அங்கேயே மனம் மாறுவார்கள். நல்ல ஆலைகளில் யார் வேண்டுமானாலும் ஹோல்டு ஸ்டிக்கர் ஒட்டலாம், தர உறுதிப் பிரிவான க்யூஏ மட்டும்தான் எடுக்கலாம். உங்கள் இடத்தில் விதி என்ன என்று பிரச்சினை வருவதற்கு முன்பே கேட்டுவையுங்கள்.

ஒப்பந்த ஆட்களுக்கு இது இன்னும் கடினம், நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. அதனால் தனியாக நிற்காமல் லைனில் பழைய ஆள் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள். சம்பளச் சீட்டையும் வேலை நேரக் குறிப்பையும் மாதாமாதம் நீங்களே சேர்த்து வையுங்கள், கணக்கு தகராறு வந்தால் ஆலையின் கம்ப்யூட்டர் உங்கள் பக்கம் பேசாது.

மேலே போக

உங்கள் மெஷினுக்கு முன்னால் இருக்கும் மெஷினையும் பின்னால் இருக்கும் மெஷினையும் கற்றுக்கொள்ளுங்கள். ஃபில்லரில் நிற்பவருக்கு மூடி போடும் கேப்பர் ஏன் நிற்கிறது என்று தெரிந்தால் அவர் ஹெல்பராக நீடிப்பது அரிது.

ஓஇஇ, அதாவது லைன் எவ்வளவு திறமையாக ஓடியது என்று காட்டும் கணக்கும் தெரிந்திருக்கட்டும், மீட்டிங்கில் மேலதிகாரிகள் பேசுவது அதைத்தான். ஷிப்டில் ஓட வேண்டிய நேரம் 450 நிமிடம், அதில் 45 நிமிடம் நின்றது என்றால் 90 சதவீதம் ஓடியது. நிமிடத்துக்கு 200 பாட்டில் வீதம் மீதி 405 நிமிடத்தில் 81,000 வந்திருக்க வேண்டும், வந்தது 76,950, அதாவது 95 சதவீதம். அதில் நல்லது 99 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 84.6. பெரிய பிரேக்டவுன் எல்லோர் கண்ணிலும் படும், எழுதப்பட்டுவிடும். இந்த 95க்குள் ஒளிந்திருப்பது ஒரு நிமிடம், அரை நிமிடம் என்று பாட்டில் சாய்ந்து, லேபிள் சுருங்கி, சென்சார் அழுக்காகி நிற்கும் சின்னச் சின்ன நிறுத்தங்கள், அதை யாரும் எழுதுவதில்லை. ஒரு சின்ன நோட்டில் ஒரு வாரம் நேரமும் காரணமும் எழுதிப் பாருங்கள், எந்தச் சென்சார் எத்தனை முறை என்று தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தை மெயின்டெனன்ஸ் ஆளிடம் காட்டினால் அவர் உங்களை நண்பராக்கிக்கொள்வார். நோட்டு ஆலைக்குள் போகலாமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் ஸ்பைரல் கம்பி உள்ள நோட்டுக்கே அனுமதி இல்லை.

ஹாசாப் பயிற்சி, ஃபோர்க்லிஃப்ட், உள் ஆடிட்டர் பயிற்சி எதற்கு ஆள் கேட்டாலும் கை தூக்குங்கள், அது பெரும்பாலும் வேலை நேரத்தில் நடக்கும், செலவும் ஆலையுடையது. லேபுக்கு மாற நினைத்தால் சும்மா விண்ணப்பம் போடாமல், சாம்பிள் எடுக்கப் போகும்போது அங்கே இருப்பவர்களிடம் சர்க்கரை அளவு பார்க்கும் பிரிக்ஸ் மீட்டர், பிஎச் மீட்டர் எப்படிப் பிடிப்பது என்று கேட்டு ஓரிரு அளவு எடுத்துப் பழகுங்கள், இடம் காலியாகும்போது நினைவுக்கு வருவது அந்த முகம்தான். பயிற்சி முடித்துக் கிடைக்கும் சான்றிதழின் நகலை அன்றைக்கே வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள், வேலை மாறும்போது பழைய ஆலையின் ஹெச்ஆருக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்காது.